வாய்க்கூடை

தண்ணி குளிருது எண்டு அவள் காலை எடுக்கேல்லை. எடுத்து வாளியைத் தட்டி விழுத்தியிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறுதலாய் இருந்திருக்கும். மற்ற நாளெண்டா வாளியைக் கண்டாலே உதைச்சுப்போட்டுப் போற கோவக்காரி, இண்டைக்கு முன்னங்கால் ரெண்டையும் ஐஸ் போட்ட வாளியளுக்குள்ள வைச்சுக்கொண்டு, பாரம் முழுக்கப் பின்னங்காலில சாய்ச்சுக்கொண்டு, சொல்லுக் கேக்கிற பிள்ளை மாதிரி நிக்கிறாள். நான் கயித்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். பிடிக்கத் தேவையே இல்லை, ஒரு அடி வைக்க ஏலாத சீவன் எங்க ஓடப்போகுது, ஆனா குதிரைக்காரி ஹன்னா சொல்லிப்போட்டா, நீ பிடி யோகா, நீ பிடிச்சாத்தான் அவள் பயப்பிடாமல் நிப்பாள் எண்டு. சொல்லிப்போட்டு மிருக டொக்டருக்குப் போன் அடிக்க வீட்டுக்குள்ள ஓடினவ. நான் பிடிச்சாத்தானாம். எடி யோகேஸ்வரி, உனக்கு இது வேணும், நல்லா வேணும். காலமை வந்து படலையைத் திறக்கேக்க மற்றதெல்லாம் இடிபட்டுக்கொண்டு வந்திட்டுது, குள்ளப் போனியள் வழக்கம்போல முன்னுக்கு, ஐஸ்லாந்துக் குதிரையள் நெத்தி மயிரைக் கண்ணுக்கு மேல போட்டுக்கொண்டு பின்னுக்கு, சுட்டி மட்டும் மூலையிலயே நிண்டவள். நெத்தியில வெள்ளைப் பொட்டு இருக்கிறதால நான் சுட்டி எண்டு கூப்பிடுறது, ஹன்னா கூப்பிடுறது ஏதோ ஐஸ்லாந்துப் பேர், எனக்கு அது வாயில வராது. சுட்டி வா எண்டன். ஒரு காலைத் தூக்கி வைக்கப் பாத்து, நெருப்பில மிதிச்ச மாதிரித் திருப்பி எடுத்தவள். அப்பவே எனக்கு விளங்கிப்போச்சு. குனிஞ்சு குளம்பில கையை வைச்சன், கொதிக்குது. போன வருசம் இலை கொட்டுற நேரத்திலயும் இப்பிடித்தான் வந்தது. புல்லில இருக்கிற சீனி உடம்பில கூடி, குளம்புக்குள்ள வீங்கி, எலும்பைப் பிடிச்சு வைச்சிருக்கிற சதை கழண்டு போற வருத்தம் எண்டு அண்டைக்கு டொக்டர் ஹன்னாவுக்கு விளங்கப்படுத்தினவர், பக்கத்தில நிண்டு நானும் கேட்டனான். இனி வாய்க்கூடை போடாமல் புல்லுக்கு விடாதேங்கோ, எல்லாம் ஒழுங்காச் செய்தும் இன்னொருக்கா வந்தால் உடம்பு கைவிட்டிட்டுது எண்டுதான் அர்த்தம், பேந்து அவளை வதைக்கக் கூடாது, ஊசி போட்டு ஒரேயடியா நித்திரையாக்கிறதுதான் எண்டவர். எல்லாம் ஒழுங்காச் செய்தும் எண்டு சொன்னவர். காலமையிலயிருந்து அந்த ஒரு சொல்லு மீன்முள்ளு மாதிரித் தொண்டைக்குள்ள நிக்குது, விழுங்கவும் ஏலாது, எடுக்கவும் ஏலாது.

ஒழுங்காச் செய்யேல்லை. ஹன்னா செய்தவ, நான்தான் செய்யேல்லை. வாய்க்கூடை எண்டா வேற ஒண்டுமில்லை, ஊரில நெல்லுச் சூடு மிதிக்கிற மாட்டுக்குப் போடுற அதே சாமான்தான், இஞ்ச ரப்பரில செய்து வாரும் கொழுக்கியும் வைச்சிருக்கிறாங்கள். அடியில ஒரு ஓட்டை. அதுக்குள்ளால நாலு புல்லு நுனி வந்தா வந்தது, அதைத்தான் அவள் நாள் முழுக்க நக்கித் தின்னவேணும். சுத்திவர முழங்கால் மட்டும் புல்லு, இந்தக் குளிர் தேசத்தில மாரி முழுக்கச் சேறையும் வெறும் மண்ணையும் பாத்துக் கிடந்த சனத்துக்கே மே மாசத்துப் பச்சையைக் கண்டா வாய் ஊறும், அதுக்குள்ள ஒரு குதிரையை வாயைக் கட்டி விடுறதாம். நான் விடிய வருவன், லத்தி அள்ளுவன், தண்ணித் தொட்டி தேய்ப்பன், காய்ஞ்ச புல்லை வலைப்பையளில அடைச்சு பெரிய தொட்டியில ஊறப்போடுவன், சீனி கரைஞ்சு போகவாம். முதல் நாள் ஹன்னா அதைச் செய்யச் சொல்லேக்க எனக்குச் சிரிப்பு அடக்கேலாமல் போச்சு. வீட்டில இவருக்குச் சீனி வருத்தம் எண்டு உருளைக்கிழங்கை வெட்டி ஊறப்போட்டுத் தண்ணியை ஊத்துறன், இஞ்ச வந்து குதிரைக்குப் புல்லை ஊறப்போடுறன், நல்ல சீவியம் தான். பேந்து ஒவ்வொண்டாப் பிடிச்சு நிப்பாட்டி மாரிக்கு வளர்ந்த மயிரை வாருவன், கை கையா வரும், காத்தில பறந்து வேலிக் கம்பியெல்லாம் தொங்கும். கடைசியா அந்த மூண்டு கொழுத்ததுகளுக்கும் வாய்க்கூடை. குள்ளப் போனியள் ரெண்டும் படுகள்ளர், வேலிக்கட்டையில தேய்ச்சுக் கழட்டிப்போட்டு ஒண்டும் தெரியாத மாதிரி நிக்குங்கள், திருப்பித் திருப்பி நான்தான் மாட்டவேணும். சுட்டிக்கு அந்தக் களவு தெரியாது. நேர என்னட்டை வந்து கழுத்தைப் பதிச்சுக்கொண்டு நிப்பாள், நீயே கழட்டிவிடு எண்டு சொல்லுற மாதிரி. ஹன்னா பகலில பள்ளிக்கூடத்தில படிப்பிக்கப் போறவ, ஆள் இல்லாத வீட்டுக்குள்ள போய் இருந்து சாப்பிட எனக்கு அந்தரம், மரவேலிக்கு அங்கால காத்துப் படாத இடத்தில வாளியைக் கவிட்டுப்போட்டு இருந்து சோத்துப் பெட்டியைத் திறப்பன். திறந்த உடன சுட்டி வந்திடுவாள். புட்டைக் குழைச்சு வாயில வைப்பன், அவள் பாப்பாள். சும்மா பாக்கிற பார்வை இல்லை, வாயைக் கட்டிப்போட்டுப் பாக்கிற பார்வை. எப்பிடி அம்மா இறங்கும்? ஒரு நாள் பொறுத்தன், ரெண்டாம் நாள் பொறுத்தன், பேந்து ஒரு நாள், சரி வா, நான் சாப்பிட்டு முடியிற மட்டும் நீயும் தின் எண்டு கொழுக்கியைக் கழட்டிவிட்டன். அப்பாடா எண்டு குனிஞ்சாள். புல்லுக் கிழிபடுற சத்தம் கேக்க என்ர வயிறு குளிர்ந்து போச்சு. அப்பிடித் தொடங்கினதுதான். நான் சாப்பிட்டு முடியிற மட்டும் எண்டது, தேத்தண்ணி குடிச்சு முடியிற மட்டும் எண்டாச்சு, அது பேந்து, உள்ளதைச் சொல்லடி, பின்னேரம் மட்டும் எண்டாச்சு. ஹன்னாவின்ர கார் கல்லு றோட்டில திரும்புற சத்தம் கேட்டு ஓடிப்போய் மாட்டின நாளும் இருக்கு. ஓடினனான். அறுபதுக்குக் கிட்ட வாற பொம்பிளை, சேத்துச் சப்பாத்தோட, கள்ளி மாதிரி ஓடினனான். அப்ப வெக்கப்படேல்லை. அப்ப ஏதோ பெரிய புண்ணியம் செய்யிற நினைப்பு.

எனக்கு முன்னால ஆரும் பசியோட நிண்டா எனக்கு இறங்காது, அது சின்னனிலயிருந்தே. அப்பிடிச் சொல்லுறதும் முழுக்கச் சரியில்லை, சின்னனில நான் பெரிய வயித்துமாரி, தம்பியின்ர பங்கையும் பறிச்சுத் தின்னிறவள். இது வந்தது கொழும்பில. வெளிநாட்டுக்கு வர ஏஜென்சிக்காரன் நாளைக்கு நாளைக்கு எண்டு இழுத்தடிச்சுக்கொண்டிருந்த நேரம், வெள்ளவத்தையில சொந்தக்காரர் வீட்டில விறாந்தையில பாய் போட்டுக் கிடந்தனான். முதல் கிழமை இருத்திச் சாப்பாடு தந்தவை, குறை சொல்லக்கூடாது. பேந்து பேந்து சாப்பாட்டு நேரம் வந்தா குசினிக் கதவு மெல்லமாச் சாத்துப்படும். உள்ள கோப்பையில கரண்டி படுற சத்தம், நெத்தலி பொரிச்ச வாசம், பிள்ளையள் குசுகுசுக்கிறது. நான் சுவரில தொங்கின கலண்டரை வாசிப்பன். இந்த மாசத்தில என்னென்ன விரதம், எப்ப அட்டமி, எப்ப நவமி, எல்லாம் பாடம். கதவைத் திறந்து வெளியில வந்து, ஐயோ யோகம் நீ சாப்பிடேல்லையே எண்டு கேப்பினம், நான் சாப்பிட்டிட்டன் மாமி எண்டு சொல்லுவன். பசி ஒண்டும் பெரிய காரியமில்லை, பசிச்சா தண்ணி குடிக்கலாம், அந்தப் பொய்யைச் சொல்லேக்க முகத்தில வாற சிரிப்பு இருக்கே, அதுதான் சீ எண்டு போறது. அந்தச் சிரிப்பைச் சுட்டியின்ர முகத்தில நான் கண்டனானாக்கும். குதிரைக்கு எங்க சிரிப்பு, விசரி. அவளுக்கு வந்தது பசியும் இல்லையாம், ஆசையாம். ஐஸ்லாந்தில கல்லுக்கும் பனிக்கும் நடுவில கிடைக்கிற நாலு இலையில உயிர் வாழப் பழகின சாதி, இந்தப் புல்லு அதுகளுக்கு விருந்தில்லை, நஞ்சு எண்டு ஹன்னா எனக்கு எத்தினை தரம் சொன்னவ. தலையாட்டிக் கேட்டனான். கேட்டுக்கொண்டு மனசுக்குள்ள என்ன சொன்னனான்? இரக்கமில்லாத சனம் எண்டு. மனசுக்குள்ள மட்டுமில்லை, கோயில்ல காணுற சிநேகிதி மலருக்கும் சொன்னனான், அந்த மனிசி நல்லவதான், ஆனா இவையளுக்குச் சாப்பாட்டு விசயத்தில நெஞ்சு கல்லு, வாயில்லாத சீவனைப் பட்டினி போட்டு வைச்சிருக்கிறா எண்டு. மலர் உச்சுக் கொட்டினவள். நான் இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னனான். ஐஸ்லாந்துக் குதிரையை ஒருக்கா வெளியில கொண்டு போனா பேந்து ஊருக்குத் திரும்ப விடமாட்டினமாம், நோய் கொண்டு வந்திடும் எண்டு சட்டமாம், அதை ஹன்னா சொல்லேக்க என்னைப் பாத்துக் கண் கலங்கினவ, எனக்கெண்டா எரிச்சல் வந்தது, நான் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா சூட்கேஸ் நிறையச் சொக்லட்டோட போய்வாறன், என்னை ஏன் குதிரையோட சேர்க்கிறாய் எண்டு. இரக்கப்படுறதும் பிழை, படாட்டிலும் பிழை, எனக்கு அவ என்ன செய்தாலும் பிழை. செய்த பிழை முழுக்க இஞ்ச வாளிக்குள்ள காலை வைச்சுக்கொண்டு நிக்குது.

ஹன்னா வாறா. கையில இன்னொரு பை ஐஸ், உறையவைச்ச பட்டாணியும் கிடக்கு, குளிர்ப்பெட்டியில இருந்த எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறா. கண் சிவந்து போச்சு. டொக்டர் வெளிக்கிட்டிட்டாராம் எண்டு சொல்லிக்கொண்டு முழங்காலில இருந்து வாளிக்குள்ள ஐஸைக் கொட்டுறா. சுட்டி அவவின்ர தலைமயிரை மணந்து பாக்கிறாள். சொல்லு, இப்ப சொல்லு. ஹன்னா, நான் ஒரு விசயம் சொல்லவேணும், அவ்வளவுதான், டேனிஷில அதுக்கு நாலு சொல்லு. பாஷை தெரியாது எண்டு சாட்டுச் சொல்ல ஏலாது, கொம்யூன் எண்டிற நகரசபைக் கந்தோரில மனேச்சர் வெளியில வரும் மட்டும் சண்டை பிடிச்ச வாய் இது. வாயைத் திறந்தன். "நாங்கள் எல்லாம் செய்தனாங்கள், என்ன யோகா?" எண்டு ஹன்னா நிமிராமல் கேட்டா. "புல்லை ஊறப்போட்டனாங்கள், நடத்தினனாங்கள், வாய்க்கூடை ஒரு நாள் தவறேல்லை. நான் வகுப்பில நிக்கேக்க நினைக்கிறனான், யோகா நிக்கிறா, எனக்குப் பயமில்லை எண்டு. நான் நிண்டிருந்தாக்கூட இவ்வளவு கவனமாப் பாத்திருக்க மாட்டன்." திறந்த வாயை மூடினன். தலையாட்டினன். ஆட்டினனான், ஐயோ, என்ர தலை ஆடினது, நான் கண்டனான். காதெல்லாம் கொதிக்குது, அந்த ஐஸுக்குள்ள தலையை வைச்சாலும் ஆறாது. வேலை போகும் எண்ட பயம் இல்லை, அதைத் தெளிவாச் சொல்லவேணும், இந்த வயசில லத்தி அள்ளுற வேலை போனா நாரி நோவுக்கு நல்லதுதான். பயம் எண்டா அந்த முகம். யோகா நிக்கிறா எண்டு சொன்ன அந்த முகம் மாறுறதை நான் நிண்டு பாக்கவேணும். அதுக்காக ஒரு சீவன் சாகட்டும் எண்டு நிக்கிறன், என்ன? அப்பிடித்தான் நிக்கிறன். ஹன்னா எழும்பி என்ர தோளில கையை வைச்சா. "உனக்கும் கஷ்டம்தான்" எண்டா. எனக்கு அந்தக் கையைத் தட்டிவிடவேணும் போல இருந்தது. டொக்டருக்குப் படலையைத் திறந்து வைக்கப் போயிட்டா, நடந்து போறதைப் பாக்கிறன், சப்பாத்து ஒண்டில பட்டி கட்டேல்லை, விழுந்துடாத பிள்ளை எண்டு வாய் வரைக்கும் வந்தது, அதைச் சொல்லக்கூட எனக்கு என்ன உரிமை இருக்கு.

போன் அடிக்குது. இவர்தான், வேற ஆர், இந்த நேரத்துக்கு வயித்தைப் பாத்துப் போன் அடிக்கிற ஒரே ஆள். "இஞ்சேர், இந்த இடியப்பத்தில எத்தினை சாப்பிடலாம்?" எண்டு கேக்கிறார். போன மாரியில கால் பெருவிரலை எடுத்த பிறகு மனிசன் கதிரையும் ரிவியும் தான், ஒவ்வொரு வாய்க்கும் என்னைக் கேக்கவேணும் எண்டு டொக்டர் சொன்னதைக் கெட்டியாப் பிடிச்சுக்கொண்டிட்டார். "ரெண்டு" எண்டன். "என்ன குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?" சொல்லிப்போட்டன். என்னெண்டு சொன்னன் எண்டு தெரியாது, கயிறு ஒரு கையில, போன் ஒரு கையில, சுட்டி காதைத் திருப்பித் தமிழைக் கேட்டுக்கொண்டு நிக்கிறாள், வாய்க்கூடை, மத்தியானம், கார்ச் சத்தம், ஊசி, எல்லாத்தையும் ஒண்டுக்குமேல ஒண்டாக் கொட்டிப்போட்டன். பேந்து, "விசரே உனக்கு? வாயைத் திறக்காத. அது குதிரையப்பா, வயசும் போயிருக்கும்" எண்டார். "சாகப்போகுதப்பா, நான் சொல்லாட்டி சாகப்போகுது." "சொன்னா மட்டும் எழும்பி ஓடப்போகுதே? அண்டைக்கு நான் நேர்சுக்குச் சொன்ன மாதிரி ஒண்டைச் சொல்லிப்போட்டு வா." நேர்ஸ் வீட்டுக்கு வந்து, சோறு அளந்துதான் சாப்பிடுறனீங்களோ எண்டு இவரைக் கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கு, நான் குசினி வாசல்ல அகப்பையோட நிண்டனான், இவர் நெஞ்சை நிமித்திக்கொண்டு, என்ர மனிசி கோப்பையால அளந்துதான் போடுறவ, கூடக் கேட்டாலும் தரமாட்டா எண்டவர். நேர்ஸ் என்னைப் பாத்து நல்ல வேலை எண்டு சிரிச்சவள். நான் நினைச்சுக்கொண்டிருந்தனான், தன்ர கள்ளத்தீனியை மறைக்கத்தான் அப்பிடிச் சொன்னவர் எண்டு. "ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?" எண்டு கேட்டன். "பின்ன? என்ர மனிசிதான் அகப்பை அகப்பையாப் போட்டு என்ர விரலை எடுப்பிச்சவள் எண்டே சொல்லுறது?" சிரிக்கிறார். பகிடியாம். "சும்மா சொன்னனப்பா, நான் கேட்டுத்தானே நீ போட்டனீ" எண்டு பேந்து அவசரமாச் சொல்லுறார், அந்த அவசரத்திலயே எல்லாம் விளங்குது. தெரிஞ்சிருக்கு. அந்த மாரி முழுக்க என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு குளியலறைக்குப் போய்வந்த மனிசன், புண்ணைக் கழுவேக்க மெல்லமாக் கழுவு எண்டு மட்டும் சொன்ன மனிசன், தெரிஞ்சுகொண்டுதான் இருந்திருக்கிறார். ஒரு நாள் கோவிச்சுக் கத்தியிருக்கக்கூடாதே? இன்னும் ஒரு அகப்பை எண்டு கேக்கேக்க ஏலாது எண்டு சொல்ல எனக்கு வாய் வராது, கேட்டவருக்கு இல்லை எண்டிறதே எண்டு போட்டிடுவன், போட்டிட்டு அவர் சாப்பிடுறதைப் பாத்துக்கொண்டிருக்க எனக்கு எவ்வளவு சந்தோசம். அவருக்கில்லை, எனக்கு. என்ர சந்தோசத்துக்குத்தான் போட்டனான். புல்லுக் கிழிபடுற சத்தத்தில வயிறு குளிர்ந்ததும் என்ர வயிறுதான். "ரெண்டு இடியப்பம், அதுக்கு மேல தொடாதேங்கோ" எண்டு சொல்லி வைச்சிட்டன். குரல் கடுமையா வந்திட்டுது, பாவம்.

டொக்டர் வந்திட்டார், நெட்டை மனிசன், பச்சை மேலங்கி, வந்த உடன சுட்டியின்ர கழுத்தில தட்டிப்போட்டுக் குனிஞ்சு காலை வாளியிலயிருந்து எடுத்து மடியில வைச்சார். பெரிய குறடு ஒண்டால குளம்பை ஒவ்வொரு இடமா அமத்திப் பாத்தார். முன்பக்கம் அமத்தேக்க சுட்டி உடம்பு முழுக்க நடுங்கினாள். நான் கயித்தை விடேல்லை, கை விறைச்சுப்போச்சு. "வாய்க்கூடை?" எண்டார். "ஒவ்வொரு நாளும்" எண்டு ஹன்னா சொன்னவ. "புல்லு?" "ஊறப்போட்டது. யோகா தன்ர கையால ஊறப்போடுறவ." அவர் என்னைப் பாத்துத் தலையசைச்சார், மரியாதையா. பேந்து எழும்பித் தொப்பியைக் கழட்டினார், மனிசர் செத்த வீட்டில கழட்டுற மாதிரி. "அப்பிடியெண்டா, ஹன்னா, போனமுறை கதைச்சதுதான். இவ்வளவு பாத்தும் வந்திருக்குதெண்டா இனி நிக்காது. திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொருக்காலும் கூட நோகும்." "இண்டைக்கோ?" "இந்த நோவோட அவளை நிப்பாட்டி வைக்கிறது சரியில்லை." ஹன்னா சுட்டியின்ர பிடரி மயிருக்குள்ள முகத்தைப் புதைச்சுக்கொண்டு நிண்டா, தோள் மட்டும் ஆடுது. டொக்டர் காருக்குப் போய்ப் பெட்டியைத் திறக்கிற சத்தம். சொல்லடி. வீட்டில இருக்கிற மனிசன் தெரிஞ்சுகொண்டு பேசாமல் இருந்தவர், இவைக்குத் தெரியவே தெரியாது, தெரியாமலே சுட்டியைச் சாகக் குடுக்கப் போகினம். ஹன்னா நிமிந்து முகத்தைத் துடைச்சா. "நீயும் அவளோட கதை யோகா" எண்டு தள்ளி நிண்டு எனக்கு இடம் விட்டா. "உன்ர பாஷையில ஏதாவது சொல்லு. அவளுக்கு அது விருப்பம்." எனக்கு இடம் விட்டவ. அதுதான் என்னால தாங்கேலாமல் போச்சு. "நான் கழட்டிவிடுறனான்" எண்டன். ரெண்டு பேரும் திரும்பினவை. "வாய்க்கூடையை. நீ வேலைக்குப் போன பிறகு. நான் கழட்டிவிடுறனான்." டொக்டர் கையில ஊசிப் பெட்டியோட கிட்ட வந்தார். "எவ்வளவு நேரம்?" "மத்தியானம் தொடங்கி. ஹன்னா வரும் மட்டும்." "எப்ப தொடக்கம்?" "புல்லு வளரத் தொடங்கின நாள் தொடக்கம். ஒவ்வொரு நாளும்." நான் எதிர்பாத்தது ஏச்சு. டொக்டரின்ர முகத்தில வெளிச்சம் வந்தது, அதைப் பாக்க எனக்கு இன்னும் வெக்கமாப் போச்சு. "அப்ப இது வேற கதை" எண்டார். "உடம்பு கைவிடேல்லை, புல்லுத்தான் கூடிப்போச்சு. புல்லை முழுக்க நிப்பாட்டுவம், மருந்து போடுவம், காலுக்கு மெத்தை வைச்சுக் கட்டுவம். தப்புவாள் எண்டு சத்தியம் பண்ணமாட்டன். ஆனா இண்டைக்கு இது வேண்டாம்." பெட்டியை மூடிப்போட்டு வேற பெட்டி எடுக்கக் காருக்குத் திரும்பி நடந்தார். ஹன்னா என்னையே பாத்துக்கொண்டு நிண்டா. கத்தியிருந்தா நல்லாயிருந்திருக்கும், போ வீட்டை எண்டிருந்தா போயிருப்பன். "ஏன்?" எண்டு மட்டும் கேட்டா. "நான் சாப்பிடேக்க அவள் பாத்துக்கொண்டு நிப்பாள்" எண்டன். அதை யோசிச்சா. எனக்குத் தெரியும், அவ அதை ஒழுங்கா யோசிச்சா, வகுப்பில ஒரு பிள்ளை சொன்ன மறுமொழியை யோசிக்கிற மாதிரி. காத்தில குதிரை மயிர் ஒண்டு அவவின்ர ஈரக் கன்னத்தில வந்து ஒட்டினது, அவ துடைக்கேல்லை. "அப்ப இவ்வளவு காலமும்" எண்டு மெல்லமாக் கேட்டா, "நான் அவளைப் பட்டினி போடுறன் எண்டே நினைச்சனீ?" இல்லை எண்டு சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா நம்பியிருப்பா, நான் சொன்ன எல்லாத்தையும் நம்பினவதானே. "ஓம்" எண்டன். "அப்பிடித்தான் நினைச்சனான்."